ஹாலில் கட்டிய கூடாரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிட்டேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவதில் விசாரணைதான் மிச்சம் இருக்கும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் உன் அம்மா பிபி மாத்திரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், அந்தப் பக்கம் நீ "அப்பா, முதல்ல உட்காருங்க, தண்ணி குடிங்க" என்பாய், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எனக்குக் கோபம் எதற்கு என்றே மறந்துவிடும். உனக்கு அது தெரியும், அதனால்தான் எப்போதும் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாய். எழுதி, படம் பிடித்துப் போனில் அனுப்புகிற கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள், மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. மணிக்கட்டு நன்றாக இருந்தபோதும் அது ஒன்றும் அச்சடித்தது போல இருந்ததில்லை என்று நீ நினைப்பதும் எனக்குக் கேட்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது குறைவு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குகிறாள், நான் பார்த்தால் மட்டும் பிடித்துக்கொள்கிறாள். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை பழுதாகி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் சுவரில் வழிந்தது, மாற்றிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் முதலாளி புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறார், ஆனால் எனக்கு இன்னும் பழைய காரைத்தான் தருகிறார், புதுக் காரில் என் பக்கத்து பிரேக்கை நான் ஒரே மாதத்தில் தேய்த்துவிடுவேனாம். எல்லோரும் என்னை "பிரேக் சார்" என்று கூப்பிடுவது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. சுவரைப் பார்த்தாலே ஆக்சிலேட்டரை மிதிக்கும் பல் டாக்டர் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தேன் அல்லவா, அவர் ஒருவழியாகத் தேர்வில் தேறிவிட்டார், எனக்கு ஓசியில் பல் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தவன் அவரிடம் வாயைத் திறந்து காட்டுவேனா, நீயே சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையும் நானும் ஏரிக்கரை முகாமுக்குக் கிளம்புகிறோம், அதாவது நாயும் வளர்க்கிறவரும் ஒரே கூடாரத்தில் இரவு தங்கி ஞாயிறு திரும்பும் அந்த முகாமுக்கு. இதை நான் உனக்குச் சொல்வது வேடிக்கை, ஏற்பாடு செய்ததே நீதானே. பேக்கரி முனையில் மழை ஈரத்தில் அவன் பூனையைப் பார்த்து இழுத்து, கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்த நான் சாஷ்டாங்கமாக விழுந்து, மணிக்கட்டு உடைந்து, பேக்கரியில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்து "நாய்க்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டார்களே, கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த வாரத்தில் நீ கூப்பிட்டாய். "அப்பா, நாய்களுக்குன்னு வார இறுதியில முகாம் நடத்துறாங்களாம், உங்க ரெண்டு பேருக்கும் நான் இடம் சொல்லிட்டேன், போயிட்டு வாங்க, ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்நாளில் கூடாரத்தில் படுத்ததில்லை. மகள் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பனுக்காக ஏரிக்கரையில் இடம் பிடிக்கிறாளே என்று டிரைவிங் ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் நாள் வந்து உட்கார்ந்த ஒருவரிடம் கூட முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

நீ அனுப்பிய கூடாரம் வந்தது. அதோடு வந்த தாளில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே அதைக் கட்டுவதுபோல் படம் போட்டிருந்தார்கள், எனக்கு ஒன்றரைக் கைதான் வேலை செய்கிறது, சிரிப்பும் வரவில்லை. தரை டைல்ஸ் ஆனதால் ஆணி அடிக்க வழியில்லை, ஒரு கயிற்றை சோபாக் காலிலும் இன்னொன்றை சாப்பாட்டு மேசைக் காலிலும் மூன்றாவதைக் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியிலும் கட்டி, ஹால் நடுவில் நிறுத்தினேன். உன் அம்மா பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோதெல்லாம் கூடாரம் எங்கள் தலைமேல் விழுந்தது. நான்காவது தடவை விழுந்த பிறகு மாப்பிள்ளை, அவள் சமையலறைப் பக்கம் எழுந்தாலே வெளியே ஓடிவிடக் கற்றுக்கொண்டான், எனக்கு அந்தப் புத்தி கடைசிவரை வரவில்லை. நான் உள்ளே படுத்து அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எடுத்த வீடியோ உனக்கு வந்ததல்லவா, என் கால் இரண்டும் வாசல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு இருந்ததே, அதற்கு நீ கைதட்டும் படங்களாக அனுப்பினாயே. அதை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா.

பிறகு நீ போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். முதலில் அவனோடு கூடாரத்தில் படுங்கள், பழகியதும் வெளியே வந்து பக்கத்தில் படுங்கள், அப்புறம் அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு நீங்கள் உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள், முகாமில் நாய்கள் தனியாக இருக்கவும் பழக வேண்டும் என்றாய். சரி என்றேன். இரண்டு ராத்திரி கதவைச் சுரண்டினான், சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாப்பாடு எப்போதும் நீங்களே வைக்காதீர்கள், வேறு ஆட்கள் கையாலும் சாப்பிடப் பழக்குங்கள் என்றாய். பல் டாக்டர் அம்மாவை வீட்டுக்கு வரவழைத்து அவர் கையால் சோறும் முட்டையும் வைக்கச் சொன்னேன், முதல் நாள் அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், கடைசியில் சாப்பிட்டான். நடைக்கு வேறு யாராவது கூட்டிப் போகட்டும் என்றாய், முதலாளியே ஒரு வாரம் கூட்டிப் போனார், தொப்பை குறையும் என்று ஆசை காட்டி அனுப்பினேன். அவன் பார்க்கும்படி வெளியே கிளம்பிப் போங்கள், போகும்போது கொஞ்சாதீர்கள், திரும்பியே பார்க்காதீர்கள் என்றாய். நான் திரும்பிப் பார்க்காமல் போகிற அழகைப் பார்த்து உன் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்பை அடக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். துவைக்காத பழைய சட்டை ஒன்றும் எடுத்து வையுங்கள், புது இடத்தில் உங்கள் வாசம் இருந்தால் தூங்குவான் என்றாய், நீலக் கோடு போட்டதைத் துவைக்கப் போடாமல் ஒரு வாரம் போட்டுக்கொண்டு அலைந்தேன், வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். கழுத்துப் பட்டையில் மாட்ட நீ அனுப்பிய வட்டத் தகட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. யாருடையது என்றதற்கு, முகாம் நம்பர் அப்பா, தொலைந்து போனால் கூப்பிடுவதற்கு என்றாய். மாட்டினேன், பளபளவென்று துடைத்து வேறு விட்டேன்.

நேற்று உண்ணி மருந்து வாங்க நாய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நல்ல பெண், மாப்பிள்ளையின் காதைத் தடவிக்கொண்டே, "புது வீட்டுக்காரங்க நேத்தே வந்து என்ன மருந்து, எவ்வளவு சாப்பாடுன்னு எல்லாம் கேட்டுட்டுப் போனாங்க சார், பொறுப்பான ஆளுங்க, நீங்க கவலைப்படவே வேண்டாம்" என்றாள். எந்தப் புது வீட்டுக்காரங்க என்று கேட்டேன். அவள் கை காதிலேயே நின்றுவிட்டது. "முகாமுக்கு வந்து அங்கிருந்தே கூட்டிட்டுப் போறாங்களே, அவங்கதான்... உங்க பொண்ணு சொல்லலையா சார்?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமாம் ஆமாம், சொன்னாள், எனக்குத்தான் மறதி என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நிறுத்தியிருந்த ஒரு வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றேன், அது யார் வண்டி என்று இப்போதும் தெரியாது. மாப்பிள்ளை என் காலடியில் உட்கார்ந்து, ஊசி போடாமல் விட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் கழுத்துத் தகட்டைத் திருப்பி அதிலிருந்த நம்பரைப் பார்த்தேன். அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போட்டேன்.

எடுத்தவர் ஒரு தம்பி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவர், நல்ல குரல், தூங்கி எழுந்த குரல், ராத்திரி டியூட்டியாம். நாய்க்காரன் பேசுகிறேன் என்றேன். ஐயோ சார் என்று பதறிப்போனார். "நீங்களாத்தான் கொடுக்கறீங்க, ஆனா பேச்செடுத்தா உங்களுக்குத் தாங்காது, அதனால முன்னாடியே அதைப் பத்திப் பேசாதீங்க, முகாம்ல சும்மா பழகுங்க, கிளம்பும்போது கூட்டிட்டுப் போயிடுங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்க சார்" என்றார். என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று, நடுவில் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக் கூடாது. நல்ல மூளை, படிக்க வைத்தது வீண் போகவில்லை. அவருக்கு ஒரே பெண், இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிறதாம், மாப்பிள்ளைக்காகத் தன் அறையில் கட்டிலை நகர்த்தி ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறதாம். நான் அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை, அவர் மேல் என்ன தப்பு. தர முடியாது, எனக்கு இது எதுவும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அவர், "பாப்பாகிட்ட நான் என்ன சார் சொல்றது?" என்றார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தாங்கிக்கொள்ளும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே தோன்றியது, இரண்டாம் வகுப்புப் பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரிகிறது, நான் தாங்கிக்கொள்வேன் என்று என் வீட்டில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், மறுக்கவும் இல்லை, கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை. "நீங்க விழுந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை இடுப்பு உடைஞ்சா உங்களைத் தூக்க என்னால முடியுமா? அவ அங்க இருந்து ஓடி வர முடியுமா?" என்றாள். நியாயம்தான். அப்புறம் அவளே, "நேரா கேட்டிருந்தா நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்களா?" என்றாள். சொல்லியிருக்க மாட்டேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பேன், மூன்றாம் நாள் பசி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து பேசியிருப்பேன். அந்த மூன்றாம் நாள் வரைக்கும் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இல்லையா என்று கேட்டேன். அவள் நறுக்கியதைச் சட்டியில் தள்ளிவிட்டு ஒன்று சொன்னாள், அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. ஹாலில் கூடாரத்துக்குள் நான் அவனோடு படுத்துக்கொண்டு சிரித்தபோதெல்லாம் அவள் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாளாம், உன்னிடம் போனில் வேண்டாம்டி என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தாளாம், நீதான் "என் நாய்தானேம்மா, நான் முடிவு பண்றேன்" என்றாயாம்.

உன் நாய்தான், நான் எங்கே இல்லை என்றேன். வேலை கிடைத்து நீ கிளம்பியபோது, ஆறே மாதம் அப்பா என்று சொல்லி, உள்ளங்கை அளவு இருந்ததை என் மடியில் போட்டுவிட்டுப் போனாய். நான் அன்றைக்கு இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். வந்த அன்றே சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு யாரையும் மதிக்காமல் பார்த்ததால், மாப்பிள்ளை என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு மாதம் நான்கு வருஷம் ஆகிவிட்டது, நீ அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை, பேசினால் நீ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாயோ என்ற பயம். கடைசியில் எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளைக்கு வேறு வீடு பார்த்து, மருந்து மாத்திரை வரைக்கும் பேசி முடித்து, என்னையே அவனை அலங்காரம் பண்ணி மேடைக்குக் கூட்டிவர வைத்துவிட்டாய்.

நீ அவனைக் கொடுக்க நினைத்ததற்குக் கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் வந்து உட்காருகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் என் முகத்தைப் பார்ப்பான், சரியா சார், சரியா சார் என்பான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் என்னைப் பார்ப்பதை நான் நிறுத்த வைப்பேன், வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன், கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அவன் என்னைப் பார்க்காமலே திருப்பத்தில் திரும்பிப் போய்விடுவான். அன்றைக்கு அவன் தேறிவிட்டான், அதற்குப் பிறகு அவனுக்கு நான் வேண்டாம். இந்த வேலை எனக்கு நன்றாக வரும், எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை அதுதான். அதையே என் கையாலேயே மாப்பிள்ளைக்குச் செய்ய வைத்தாயே. என் கை இல்லாமலே சாப்பிட, நான் போனால் பின்னால் வராமல் இருக்க, கதவு சாத்தினால் சுரண்டாமல் இருக்க, எல்லாம் நானே கற்றுக்கொடுத்தேன், கற்றுக்கொண்டதும் தட்டிக்கொடுத்தேன், வீடியோ எடுத்து உனக்கே அனுப்பினேன். நேற்று ராத்திரி நான் கதவைச் சாத்தினபோது அவன் சுரண்டவில்லை. போன வாரமாக இருந்தால் சபாஷ் என்று சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை நாங்கள் போகிறோம், போகாமல் விடப் போவதில்லை. இவ்வளவு தூரம் தயார் ஆகிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னாலும் முடியாது, அவனாலும் முடியாது. உன் அம்மாவும் வருகிறேன் என்றாள், வா என்றேன், அவ்வளவுதான் பேசினோம், அவள் போர்வையை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். நர்ஸ் தம்பிக்குத் திரும்பக் கூப்பிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், ரெண்டு நாளும் அது அவனோடு ஆசை தீர விளையாடட்டும், பந்து எறியட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அதன் அப்பாவோடு அதன் வீட்டுக்குப் போகும், மாப்பிள்ளை என்னோடு என் வீட்டுக்கு வருவான். கயிற்றைக் கையில் சுற்றுவதை விட்டுவிட்டேன், நெஞ்சோடு மாட்டுகிற பட்டை வாங்கிவிட்டேன், அதில் அவன் இழுத்தால் அவனே திரும்பி என் பக்கம் வந்துவிடுகிறான். ஈர நாட்களில் மொட்டை மாடியோடு சரி. இதை எல்லாம் உனக்குப் பயந்து செய்யவில்லை, உன் அம்மா ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்றதற்காகச் செய்கிறேன்.

உன்னோடு பேச மாட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எத்தனை நாளைக்கு என்னால் பேசாமல் இருக்க முடியும், உனக்கே தெரியும். ஆனால் இந்த வாரம் வழக்கமான நேரத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்கார், கோபமா இருக்காரா என்று குசுகுசுவென்று கேட்காதே. என்னைக் கூப்பிடு. கூப்பிட்டு மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், அழவும் வேண்டாம், நீ அழுதால் நான் உனக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டி வரும். ஒன்றே ஒன்று கேள். "அப்பா, இன்னும் உங்களால அவனைப் பார்த்துக்க முடியுமா?" என்று நேராகக் கேள். இத்தனை நாளில் அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியும் காப்பியுமாக ஓட்டாதே. எங்கே இருந்தாலும் நீ நல்லா இரு, உன் வேலை நல்லா நடக்கட்டும், உனக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும். உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் முடிக்க என் கைக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை பகலில் எனக்கு வகுப்பு இல்லை, போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
கூப்பிடுவாய் என்று நம்பும்
உன் அப்பா